செய்வது ஒன்று, நகல் நாற்பது: சிலிகான் மோல்டு எப்படி வேலை செய்கிறது? பிளாஸ்டரில் என்ன ஆபத்து?

ஆர்ட் ப்ராஜெக்ட்டுக்காக செட்டிநாட்டு வீட்டின் மினியேச்சர் ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முற்றத்தைச் சுற்றி நாற்பது தூண்கள் வேண்டும். விரல் நீளத்தில் ஒரு தூணைக் களிமண்ணில் அழகாகச் செய்துவிடலாம். நாற்பதையும் அச்சு அசலாக ஒரே மாதிரி? நடக்கிற காரியமில்லை. அங்கேதான் சிலிகான் மோல்டு கைகொடுக்கிறது. ஒரு தூணுக்கு மோல்டு எடுத்துவிட்டால், மீதியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொண்டே போகலாம்.

சிலிகான் எதற்கு?

அச்சில் வார்ப்பது நமக்குப் புதுசு இல்லை. கொலு பொம்மை செய்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் கடினமான அச்சில் ஒரு சிக்கல் உண்டு. உருவத்தில் குழிவோ வளைவோ இருந்தால் பொம்மை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அச்சைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும். சிலிகான் ரப்பர் போல வளையும், உரித்து எடுத்துவிடலாம். எண்ணெய் எதுவும் தடவாமலே பிளாஸ்டர் அதில் ஒட்டாமல் வந்துவிடும். நுணுக்கமும் அப்படியே பதியும். எந்த அளவுக்கு என்றால், களிமண்ணில் உங்கள் கைரேகை இருந்தால் நாற்பது தூணிலும் அது இருக்கும்!

எந்த சிலிகான் வாங்குவது?

கடையில் சும்மா 'சிலிகான்' என்று கேட்டால் பாத்ரூம் இடுக்கு அடைக்கும் டியூபை நீட்டுவார்கள். அது இல்லை. மோல்டுக்கானது இரண்டு பாகமாக வரும், கலந்தால் இறுகும். இதில் டின் வகை, பிளாட்டினம் வகை என்று இரண்டு உண்டு. டின் வகை விலை குறைவு. ஆனால் நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும். பிளாட்டினம் வகை சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும். ஆனா ஒரு விஷயத்தில் ரொம்ப கறார். கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. எண்ணெய் கலந்த சில மாடலிங் களிமண்ணில் கந்தகம் இருக்கும். லேடெக்ஸ் கையுறையிலும் இருக்கும். சரியாகக் கழுவிக் காயவைக்காத ரெசின் 3டி பிரிண்ட்டும் இதே வேலையைச் செய்யும். விலை கொடுத்து வாங்கிய சிலிகான் பிசுபிசுவென்று நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் இதுதான். அதனால் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மோல்டு எடுப்பது எப்படி?

தூணைப் பெட்டியின் அடியில் அசையாமல் ஒட்டி, சுற்றிலும் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். எவ்வளவு சிலிகான் தேவை என்று தெரிய, பெட்டியில் அரிசியைக் கொட்டி நிரப்பி, அந்த அரிசியை அளந்தால் போதும். கலக்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் விகிதத்தை விட்டு விலக வேண்டாம். கண் அளவு இங்கே செல்லாது. ஊற்றும்போது பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து மெல்லிய நூல் போல விடுங்கள். காற்றுக்குமிழ்கள் வழியிலேயே உடைந்துவிடும்.

பிளாஸ்டரைக் கலக்கும்போது...

தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். ஒரு பங்கு தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தூள். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகக் கிளறுங்கள். தூள் பறக்கும், மாஸ்க் அவசியம். முந்தைய பிளாஸ்டர் ஒட்டிய கப்பையே மறுபடி பயன்படுத்தினால், ஊற்றுவதற்குள் கலவை இறுகிவிடும். பழைய துகள்கள் தயிருக்கு உறை மோர் போல வேலை செய்வதுதான் காரணம். சுமார் முக்கால் மணி நேரத்தில் தூணை உரிக்கலாம். பெயின்ட் அடிக்க ஓரிரு நாள் காயட்டும். மெல்லிய தூண் உடைந்துகொண்டே இருந்தால், பல் டாக்டர்களின் லேப்களில் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோனை முயன்று பார்க்கலாம். அதுவும் ஜிப்சம்தான், ஆனால் பிளாஸ்டரை விட உறுதியானது.

கையை விடலாமா?

கூடவே கூடாது. ஜிப்சத்தைச் சூடாக்கி, அதிலிருக்கும் நீரை வெளியேற்றித்தான் இந்தத் தூளைத் தயாரிக்கிறார்கள். மறுபடி தண்ணீர் சேர்ந்ததும் அது திரும்ப ஜிப்சமாகும். அப்போது வெப்பம் வெளிப்படும். ஒரு தூணில் அது வெதுவெதுப்பாகத்தான் தெரியும். ஒரு வாளியில் மொத்தமாக இறுகும்போது 60 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். கை உள்ளே இருந்தால் சூடு தெரிவதற்குள் பிளாஸ்டர் இறுகிவிடும், இழுக்க முடியாது.

இது வெறும் எச்சரிக்கை இல்லை, நடந்தது. 2007-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருவர், பள்ளி ஓவிய வகுப்பில் தன் கைகளின் வார்ப்பை எடுக்க அவற்றை வாளி பிளாஸ்டரில் வைத்தார். தீக்காயத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தார். அந்தப் பள்ளிக்கு 2009-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

கையின் வார்ப்புதான் வேண்டுமென்றால் ஆல்ஜினேட் இருக்கிறது. பல் அச்சு எடுக்க வாயில் வைக்கும் அதே பொருள். தோலுக்குச் சூடு வைக்காது. அதில் அச்சு எடுத்து, கையை வெளியே எடுத்த பிறகு பிளாஸ்டரை ஊற்றலாம்.

மிச்ச பிளாஸ்டரை என்ன செய்வது?

சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீருக்குள்ளும் அது இறுகும். குழாய் அடைத்துக்கொண்டால் பிளம்பர்தான் கதி. பிளாஸ்டிக் கப்பிலேயே விட்டுவிடுங்கள். இறுகியதும் கப்பை அமுக்கினால் உதிர்ந்துவிடும், குப்பையில் போட்டுவிடலாம்.