கோணல் பந்தல்: ஒரு வயலின் பெயரில் விற்கும் ஒயின்

திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றி வளர்க்கும் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் உடனே பிடிபடும். ‘லே பெர்கோலே டோர்ட்டே’ என்ற இத்தாலியப் பெயருக்குக் ‘கோணிய பந்தல்கள்’ என்று பொருள். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ராடா என்ற மலையூரில் உள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தின் பெயர் அது. அங்கு விளையும் திராட்சையில் தயாராகும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். ஒரு பாட்டில் 100 யூரோவுக்கு மேல் விலை போகிறது. ஆரம்பத்தில் அந்தத் தோட்டத்தின் பரப்பு வெறும் 2 எக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர்.

ஐந்து ஏக்கர் வயலின் பெயர் உலகச் சந்தைக்குப் போனது எப்படி? அந்த ஒயினைச் சுவைப்பவர் எதைத் தேடுகிறார்? வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குகிறார்? எந்தச் சாப்பாட்டுடன் அது பரிமாறப்படுகிறது? இந்தக் கேள்விகளுக்கான பதில் எல்லாம் தோட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

வாரச் சாகுபடி போன பிறகு

ஃபுளோரன்ஸ், சியனா ஆகிய இரு நகரங்களுக்கு நடுவில் இருக்கும் மலைப்பகுதிதான் கியான்டி. 1716-லேயே அதன் எல்லையை அரசாணை போட்டு வரையறுத்துவிட்டார்கள். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கு வாரச் சாகுபடிதான் வழக்கம். விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு, மீதிப் பாதி உழுத குடும்பத்துக்கு. ஒரே நிலத்தில் கோதுமை, ஆலிவ், திராட்சை மூன்றும் இருக்கும். திராட்சைக் கொடியை வரப்போரத்து மரங்களில் ஏற்றிவிடுவார்கள்.

1950, 60-களில் இளைஞர்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதற்குச் சட்டம் தடை விதித்தது. ஆளில்லாத பண்ணைகள் விலைக்கு வந்தன. இரும்புத் தொழில் செய்துவந்த செர்ஜோ மனெட்டி, 1967-ல் ராடாவில் மொன்டெவெர்டினே என்ற பண்ணையை விடுமுறையில் வந்து தங்குவதற்காக வாங்கினார். நண்பர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க நாமே ஒயின் தயாரிக்கலாமே என்று 2 எக்டேரில் திராட்சை நட்டார். அதுதான் கோணல் பந்தல் தோட்டம்.

ஊர்ப் பெயரா, வயல் பெயரா?

அதே 1967-ல் கியான்டி ஒயினுக்கு அரசு விதிமுறை வந்தது. நம்மூர்ப் புவிசார் குறியீடு போல, குறிப்பிட்ட எல்லைக்குள் குறிப்பிட்ட முறையில் தயாரித்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால், அந்த விதியில் ஒரு சிக்கல் இருந்தது. சிவப்பு ஒயினில் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்றது விதி. வெள்ளை ரகமான ட்ரெபியானோ நிறையக் காய்க்கும் கொடி. அதைக் கலந்தால் அளவு பெருகும், சரக்கு சீக்கிரம் விற்பனைக்குத் தயாராகும். ஆனால், நிறமும் சாரமும் நீர்த்துப்போகும்.

மனெட்டி, அந்த மண்ணின் சொந்த ரகமான சாஞ்சோவேசேயை மட்டும் வைத்து ஒயின் தயாரிக்க விரும்பினார். 1977-ம் ஆண்டு அறுவடையில் இருந்து கலப்பே இல்லாமல் முதல் ‘பெர்கோலே டோர்ட்டே’ வந்தது. விதிப்படி அதற்குக் கியான்டி என்ற பெயரைப் போட முடியாது. ஆகக் கீழான வகையாக இருந்த ‘சாதாரண மேசை ஒயின்’ என்ற பெயரில்தான் விற்க வேண்டும். 1981-ல் அவர் கியான்டி உற்பத்தியாளர் கூட்டமைப்பில் இருந்தே விலகினார். ஊரின் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, வயலின் பெயரை மட்டும் நம்பிச் சந்தைக்குப் போனார்.

பின்னாளில் மாறியது விதிதான். கியான்டியின் பழைய மையப் பகுதியான ‘கியான்டி கிளாசிகோ’வில் 1990-களில் சாஞ்சோவேசேயை மட்டும் வைத்துத் தயாரிக்க அனுமதி வந்தது. 2006-ம் ஆண்டு அறுவடையில் இருந்து வெள்ளைத் திராட்சைக்கே தடை வந்துவிட்டது. ஆனாலும் மொன்டெவெர்டினே பண்ணை கூட்டமைப்புக்குத் திரும்பவில்லை. இன்றும் அதன் லேபிளில் ‘டஸ்கனி’ என்ற பொதுவான மாநிலப் பெயர்தான் இருக்கிறது.

ஏக்கருக்கு 3 டன்தான்

சாஞ்சோவேசே வீரியமாக வளரும் ரகம். விட்டால் தழையும் குலையுமாகத் தள்ளும். குலை கூடினால் பழத்தில் இனிப்பும் மணமும் குறையும். தோல் மெல்லியது என்பதால், அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் அழுகல் வரும். செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அறுவடை நடப்பதால் இந்தப் பயம் ஆண்டுதோறும் உண்டு. எனவே, குளிர்காலத்தில் கடுமையாகக் கவாத்து செய்கிறார்கள். கோடையில் பிஞ்சுக் குலைகளிலும் ஒரு பகுதியை வெட்டிக் கீழே போட்டுவிடுகிறார்கள்.

இன்றைய கியான்டி கிளாசிகோ விதிப்படி எக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. அதாவது ஏக்கருக்குச் சுமார் 3 டன். ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்யும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது மிகக் குறைவாகத் தெரியும். அந்த 3 டன்னில் இருந்து 70 சதவீதம் ஒயின் கிடைத்தால் 2,100 லிட்டர், அதாவது 750 மில்லி அளவில் 2,800 பாட்டில். இதுவும் உடனே காசாகாது. பெர்கோலே டோர்ட்டே சிமென்ட் தொட்டியில் நொதித்து, பிறகு சுமார் இரண்டு ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாய்களில் இருக்கிறது. அறுவடையான சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கடைக்கு வருகிறது. அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும்.

தோட்டம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 425 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. களிமண் பாறைச் சில்லும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மண், தண்ணீர் தேங்காது. முன்பு ராடாவின் குளிரில் பழம் முழுதாகப் பழுப்பதே கஷ்டம் என்பார்கள். கோடை வெயில் கூடிவரும் இந்தக் காலத்தில் அதே குளிர்ச்சிதான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறது.

நாக்கு சொல்லும் கணக்கு

மனெட்டிக்குத் துணையாக இருந்தவர் ஜூலியோ கம்பெல்லி. படித்துப் பட்டம் வாங்கிய ஒயின் நிபுணர் அல்ல. சிறுவயதிலேயே ஒயின் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சுவைத்துச் சுவைத்தே தொழில் கற்றவர். ‘சுவைப்பதில் ஆசான்’ என்று டஸ்கனி முழுக்கப் பெயர் வாங்கினார். 2012-ல் மறைந்தார்.

சுவைப்பவர்கள் நான்கு படிகளில் பார்க்கிறார்கள்.

முதலில் நிறம். வெள்ளைத் தாளுக்கு எதிரே கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாஞ்சோவேசே மாதுளைச் சாறு போலத் தெளிந்த சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறம் தட்டும். மை போலக் கறுத்திருந்தால் வேறு ரகம் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வரும்.

இரண்டாவது மணம். கோப்பையை மெல்லச் சுழற்றி முகர்ந்தால் புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை, தேயிலை, மழை பெய்த மண் ஆகியவற்றின் வாசம் வரும். நனைந்த அட்டைப்பெட்டி போல மக்கிய வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது சுவை. இதில் தித்திப்பு இருக்காது. முதலில் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, பிறகு ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. நாவல்பழம் தின்ற பிறகு வாயில் நிற்கும் துவர்ப்பை நினைத்துக்கொள்ளலாம். பழுக்காத பழத்தில் தயாரித்த ஒயினின் துவர்ப்பு சொரசொரக்கும். நன்றாகப் பழுத்ததன் துவர்ப்பு மென்மையாகப் படியும்.

நான்காவது, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. கொடியில் சுமை அதிகம் என்றால் சுவை சட்டென்று மறைந்துவிடும். வெட்டிப் போட்ட பிஞ்சுக் குலைகளின் பலன் தெரிவது இங்கேதான். தொழில்முறையில் சுவைப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். ஒரே நாளில் பல ரகங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் அதுதான் முறை.

பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். இளம் ஒயினாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே திறந்து வேறு குடுவையில் ஊற்றி வைப்பார்கள். காற்றுப்பட்டால் மணம் விரியும்.

வாங்குபவர் எதைப் பார்க்கிறார்?

இத்தாலிய லேபிளில் ‘விஞ்ஞா’ என்ற சொல் இருந்தால் தோட்டம் என்று பொருள். அதைச் சும்மா போட்டுக்கொள்ள முடியாது. அந்தத் தோட்டத்தின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அதன் பழத்தைத் தனியாக அறுத்து, தனியாக நொதிக்கவைத்து, தனியாகவே இருப்பு வைக்க வேண்டும். பிறப்பிடப் பெயர் பெற்ற ஒயின்களுக்கு மட்டுமே இந்தச் சொல் அனுமதி. கியான்டி கிளாசிகோவில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, பன்சானோ ஊரின் ஃபோன்டோடி பண்ணை தரும் ‘விஞ்ஞா டெல் சோர்போ’. அதன் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைச் சீட்டும், கூட்டமைப்பின் கருஞ்சேவல் சின்னமும் இருக்கும்.

பெர்கோலே டோர்ட்டேயில் இவை எதுவும் இருக்காது. பதிலாக, ஆல்பெர்டோ மன்ஃப்ரெடி என்ற ஓவியர் வரைந்த பெண் முகம் இருக்கும். ஆண்டுதோறும் முகம் மாறும். இங்கு வாங்குபவர் நம்புவது அரசு முத்திரையை அல்ல, பண்ணையின் பெயரை.

இரண்டிலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான். அறுவடை ஆண்டு, பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்ததா என்ற விவரம், கடையில் எப்படி வைத்திருந்தார்கள் என்பது. வெயில் படும் அலமாரியில் நிமிர்ந்து நின்ற பாட்டிலை வாங்கக் கூடாது. தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். விலை கட்டுப்படி ஆகாதவர்கள் அதே பண்ணையின் ‘பியான் டெல் சாம்போலோ’ என்ற எளிய ஒயினை வாங்குகிறார்கள்.

நிலத்தில் சேர்ந்து விளைந்தது, தட்டிலும் சேரும்

டஸ்கனியில் ஒயினைத் தனியாகக் குடிப்பது வழக்கம் அல்ல, சாப்பாட்டின் ஒரு பகுதி அது. துவர்ப்புச் சத்து எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறளுகிறது. தட்டில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் அந்தப் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணித்துவிடும். நெய்ச்சோற்றுக்கு ஊறுகாய் எடுபடுவது போல, ஒயினின் புளிப்பு கொழுப்பின் திகட்டலை வெட்டும். அதனால்தான் ஃபுளோரன்ஸின் பெயர்பெற்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டம், காட்டுப்பன்றிக் கறி, ஆட்டுப்பால் கட்டியான பெக்கோரினோ ஆகியவை இதற்கு ஜோடி.

இறைச்சி மட்டும்தான் என்று இல்லை. டஸ்கனிக்காரர்களை மற்ற இத்தாலியர்கள் ‘பீன்ஸ் தின்னிகள்’ என்று கேலி செய்வார்கள். வேகவைத்த வெள்ளைப் பீன்ஸில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது, பழைய ரொட்டியும் கீரையும் பீன்ஸும் சேர்த்துக் காய்ச்சும் ‘ரிபொல்லீட்டா’ எல்லாம் வாரச் சாகுபடிக் குடும்பங்களின் சாப்பாடு. தக்காளி சேர்த்த உணவும் பொருந்தும், புளிப்புக்குப் புளிப்பு ஒத்துப்போகும். இனிப்புப் பண்டத்துடன் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் துவர்ப்பும் ஆல்கஹாலின் எரிச்சலும் கூடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒயினும் மதுதான். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

நமக்கு என்ன?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்க முடியாது. எனவே, டஸ்கனியைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒயின் அல்ல, வயலைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான்.

குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். அந்த ஊருக்குள் யார் தோட்டத்துப் பழம் நன்றாக இருக்கிறது என்பதைக் குறியீடு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு பாத்தியின் கவாத்துத் தேதி, இட்ட உரம், அறுவடைத் தேதி, எடை எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். நல்ல பாத்தியின் விளைச்சலை மற்றதோடு கலக்காமல் தனியாக அனுப்பிப் பார்க்க வேண்டும். திராட்சைக்கு மட்டுமல்ல மா, காபி, தேன், பாரம்பரிய நெல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மகசூலைக் குறைத்தால் விலை தானாக ஏறிவிடாது. வாங்குபவர் நாக்கில் வித்தியாசம் தெரிய வேண்டும், அது அடுத்த ஆண்டும் தெரிய வேண்டும். 1977 அறுவடையில் தயாரான முதல் பாட்டிலில் இருந்து கோணல் பந்தல் தோட்டம் செய்துவருவது அதைத்தான். ஐந்து ஏக்கரில் ஒரு கால் ஏக்கரையாவது இப்படிப் பிரித்து வைத்துச் சோதிப்பதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும், தனியாக நாலு கூடையும் போதும்.