ஊடுபால் குழந்தையும் மருத்துவத்தின் அவசரமும்

மருத்துவத்திலும் சமூகநலப் பணியிலும் பால்புதுமையர் நோக்கு என்றால், சிறுபான்மையினரைக் கனிவாக நடத்துதல் என்றே பலரும் கொள்கின்றனர். அது கேட்கும் வினா அதனினும் ஆழமானது: ஓர் உடலை இயல்பானது என வரையறுப்பவர் யார்? ஆண், பெண் என்னும் இரண்டனுள் தெளிவாக அடங்காத உடற்கூற்றுடன் பிறக்கும் ஊடுபால் குழந்தையிடத்து இவ்வினா கூர்மை பெறுகிறது.

1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவான நெறிமுறை, இத்தகைய குழந்தையின் பாலை விரைந்து முடிவுசெய்து, அதற்கேற்பப் பிறப்புறுப்பை அறுவையால் மாற்றுமாறு வலியுறுத்தியது. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. அவ்வாறு வளர்க்கப்பட்டோருள் பலர் 1990கள் முதல், தம் உடல் இழந்த உணர்ச்சியையும் தம்மிடம் மறைக்கப்பட்ட உண்மையையும் வெளிப்படையாகப் பேசலாயினர்.

ஈண்டு இருவகை அவசரங்களைப் பிரித்தறிதல் வேண்டும். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் சிலர், முதற்சில வாரங்களில் உடலின் உப்பை இழந்து இறக்கவும் கூடும். அவர்களுக்கு உடனடித் தேவை ஹார்மோன் மருந்தும் உப்பும் ஆகும். உறுப்பின் தோற்றத்தை மாற்றும் அறுவை அவ்வுயிரைக் காப்பதில்லை. அது உறவினர் கேட்கும் கேள்விக்கு விடையளிக்கும் அவசரமே என்பது நம் கருத்து.

இவ்வேறுபாட்டைத் தமிழ்நாடு ஏற்றுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 22.4.2019 அன்று வழங்கிய தீர்ப்பில் இவ்வகை அறுவைகளைத் தடைசெய்யப் பணித்தது. (வழக்கோ ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு பற்றியது!) அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த அரசாணை, உயிருக்கு ஆபத்தான நிலையை மட்டும் விலக்காக வைத்தது. அந்நிலையை உறுதிசெய்யும் குழுவில் அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர், அரசுப் பிரதிநிதி ஆகியோரோடு, சமூகப் பணியாளர், உளவியல் பணியாளர் அல்லது ஊடுபால் செயற்பாட்டாளர் ஒருவருக்கும் இடமுண்டு. நம் பார்வையில் ஆணையின் சிறந்த பகுதி இதுவே. முடிவு மருத்துவர் கையில் மட்டும் விடப்படவில்லை.

எனினும் சட்டம் வருமுன்னரே பெற்றோர் உறவினருக்கு ஏதேனும் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியக் கிளவியாக்கம் மகவு, குழவி முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது. ஊடுபாலைக் கருதி எழுந்த விதியன்று அது. அவ்வாறு வலிந்து பொருள்கொள்ளல் தகாது. ஆயினும் அவ்வழக்கு இன்றும் நம் நாவில் உள்ளது. 'குழந்தை பிறந்துள்ளது, நலமாக இருக்கிறது' என்னும் தொடரில் பால் விகுதி எதுவும் விடுபட்டதாக எவருக்கும் தோன்றுவதில்லை.