காட்மாண்டு மலையில் கார் நின்றால்...

“இந்த லீவுக்கு நம் காரிலேயே காட்மாண்டு போய்ப் பசுபதிநாதரைத் தரிசித்து வரலாமே!” என்று பிரேசர் டவுனில் ஒரு குடும்பத் தலைவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், பிள்ளைகள் துள்ளுவார்கள். “அப்படியே காசியையும் பார்த்துவிடலாம் மாப்பிள்ளை” என்பார் மாமியார். (ஏட்டில் புலிகேசி நகர் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாயிற்று, ஊர் வாயில் அது பிரேசர் டவுன்தான்.)

மாமியார் கேட்பதும் நியாயமே. கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், பெங்களூர், ஐதராபாத் வழியாகக் காசி வரை சென்றது பழைய 7-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. அங்கிருந்து சோனாலி எல்லை ஒரு நாள் ஓட்டத்துக்குள்தான். இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். காருக்குத்தான் ‘பன்சார்’ என்னும் சுங்கச் சீட்டு வேண்டும். எத்தனை நாள் தங்கலோ அத்தனை நாளுக்குக் கட்டணம்.

வில்லங்கம் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. கார் திரும்பி வரும் என்ற உறுதியின் பேரில் உள்ளே விடுகிறார்கள். வழியில் படுத்துவிட்டது என்பதற்காக அங்கேயே விற்கவோ, போட்டுவிட்டு வரவோ முடியாது. நாள் கடந்தால் அபராதம். அதனால் ரிப்பேர் நீளும் என்று தெரிந்தவுடனே சுங்கத்தாரிடம் சொல்லி நாளை நீட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். சாதாரண பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் போன்ற அண்டை நாடுகளுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. கிளம்புமுன் இதைச் செய்யாதவர், அங்கே ஒருவர் மேல் கார் இடித்தால் தம் கைக்காசைத்தான் எண்ணி வைக்க வேண்டும்.

மலைப்பாதையோ வேடிக்கையான சரித்திரம் உடையது. இந்தியப் பொறியாளர்கள் அமைத்த திரிபுவன் ராஜபாதை 1956-ல் திறக்கப்படும் வரை, காட்மாண்டுப் பிரபுக்களின் கார்களை மூங்கில் கட்டிக் கூலியாட்கள் தோளில் சுமந்தே மலை ஏற்றினார்கள்!

இன்றும் ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கும். ஆவி கிளம்பினால் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணியாவது ஆறவிட்டு, மெல்ல நீர் ஊற்ற வேண்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்; ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் பாடம்.

மாருதி, டாடா, மகிந்திரா வண்டிகள் அங்கும் ஓடுவதால் உதிரிப்பாகம் கிடைக்கும். ஆனால் காலம் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மலை சரியும். 2024 ஜூலையில் சரிந்த மண் இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. சரி, தசரா லீவில் போகலாம் என்றால், அதுவே நேபாளத்தில் ‘தசைன்’ பண்டிகை. மெக்கானிக்குகள் கடையைப் பூட்டிக்கொண்டு கிராமம் போய்விடுவார்கள். ஃபேன் பெல்ட்டும் ரேடியேட்டர் ஹோஸும் ஒரு ஜோடி உபரியாக டிக்கியில் இருக்கட்டும். மாமியாரின் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.