தோலில் தொடங்கிய வரைபடம்

ஏலகிரி மலையடிவாரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் செல்வோர் தோல் பதனிடும் கூடங்கள் பலவற்றைக் காண்பர். நனைந்த பச்சைத்தோல் சில நாள்களில் அழுகிவிடும். ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்புக் கரைசலிலோ ஊறிய தோல் பல்லாண்டு உழைக்கும். தோலில் இழையிழையாக அமைந்துள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் மூலக்கூறுகளை அப்பொருள்கள் பிணைத்து இறுக்குவதே காரணம். ஆயினும், அம்மூலக்கூறின் வடிவம் 1950களின் தொடக்கத்தில் புதிராகவே இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் அப்புதிரை விடுவிக்க முற்பட்டார். 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே நகரில் இருந்தது நல்வாய்ப்பு. ஆய்வுக்குரிய கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினர். மறு ஆண்டில், அவை கயிற்றுப் புரிகள்போல் ஒன்றையொன்று முறுக்கியிருப்பதாகத் திருத்தினர். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் இருக்கும். மிகச் சிறிய அந்த அமினோ அமிலத்தைத் தவிர வேறெதற்கும் முறுக்கின் நடுவே இடமில்லை.

இம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறைகூறினர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? மறுப்புரையோடு அமையாமல், இராமச்சந்திரன் அவ்வினாவையே ஆய்வுப்பொருளாக்கினார். அதுவே அவருடைய பெருமை என்பேன்.

விரல் மூட்டு எல்லாப் பக்கமும் மடங்காததுபோல, புரதச் சங்கிலியும் விரும்பியவாறெல்லாம் திரும்பாது. ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்கள் ஃபை, சை எனப்படும். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, கோண இணை ஒவ்வொன்றிலும் அணுக்கள் மோதுகின்றனவா எனக் கணித்தார். கணிப்பொறி எளிதில் கிட்டாத காலம். மேசைக் கணக்குப்பொறியே துணை. மோதலற்ற இணைகளைக் குறித்தபோது, பரப்பின் பெரும்பகுதி வெறுமையாகி, சில தீவுகளே எஞ்சின. 1963இல் வெளியான அதுவே இராமச்சந்திரன் வரைபடம்.

இன்று உயிரணுவின் புரதத்தோடு மருந்து எவ்வாறு பொருந்தும் என்று கணிப்பொறியில் ஆராய்வோரும், தம் புரத மாதிரியின் கோணங்கள் அத்தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று சரிபார்க்கின்றனர். ஒதுக்கப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால் மாதிரியில் பிழை தேடுவர்.

கிரிக், ரிச் கூற்றிலும் உண்மை இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் அவர்கள் கணிப்பே பின்னர் நிலைபெற்றது. மூவிழை முறுக்கோ சென்னை கண்டதாகவே நின்றது. கொலாஜனின் கோணங்கள் அவ்வரைபடத்தின் இடப்புற மேல்தீவில் அமைந்துள்ளன.