பழகிப்போதல்: காதின் மதகுகள் குறித்து

கேட்பவர் என்பவரை ஒரு வெற்றுப் பாத்திரமாகவே நாம் கட்டமைத்து வந்திருக்கிறோம். பேசுபவர் ஊற்றுகிறார், கேட்பவர் வாங்கிக்கொள்கிறார்; இவ்வளவுதான் கதை. உட்காதின் மயிர்ச்செல்லுக்குள் எட்டிப்பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

மயிர்ச்செல் என்பது பெயருக்குத்தான். அதன் தலையில் நிற்பவை நுண்ணிய தண்டுகள், படிக்கட்டு மாதிரி உயர வரிசையில். குட்டைத் தண்டின் நுனியை அடுத்த நெட்டைத் தண்டின் பக்கவாட்டோடு ஓர் இழை இணைக்கிறது. இழையின் கீழ்முனையில் அயனி வாய்க்கால். ஒலி வந்து தண்டுகளை நெட்டைப் பக்கமாகச் சாய்க்கும்போது இழை இறுகி, மதகை இழுத்துத் திறந்துவிடுகிறது. பொட்டாசியமும் கூடவே கொஞ்சம் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. கண்ணில் ஒளி ஒரு வேதிவினைச் சங்கிலியைத் தாண்டித்தான் வாய்க்காலை எட்ட முடியும். இங்கே இடைத்தரகர் கிடையாது. அதனால்தான் இத்தனை வேகம். 2002இல் காது கேளாமையோடு தொடர்புடைய ஜீனாக அடையாளம் காணப்பட்ட டி.எம்.சி.1 உருவாக்கும் புரதமே இந்த வாய்க்காலின் துளையை அமைக்கிறது என்பதற்கு 2018இல் வலுவான சான்று கிடைத்தது.

சரி, மதகு திறந்தாயிற்று. மூடுவது யார்? தண்டுகளைச் சாய்த்தபடியே பிடித்து வைத்தாலும் வாய்க்கால்கள் சில மில்லி விநாடிகளில் தாமாகவே மூடத் தொடங்கிவிடுகின்றன. தவளையின் மயிர்ச்செல்களை வைத்து ஹட்ஸ்பெத்தும் சகாக்களும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: உள்ளே புகுந்த கால்சியமே மதகை மூடத் தூண்டுகிறது. இழையின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மயோசின் மோட்டார்கள் வழுக்கிக் கீழிறங்க, இழை தளர்கிறது. சாய்வு நீங்கியதும் அவை மறுபடி மேலேறி இழையை முறுக்கேற்றி வைக்கின்றன. பாலூட்டிகளிலும் கால்சியத்துக்கு இதே பங்குதானா என்பது 2013இலிருந்து சர்ச்சையில் இருக்கிறது. மூடிக்கொள்கிறது என்பதில் சர்ச்சையில்லை.

ஆக, செல் கவனிப்பது மாற்றத்தைத்தான். நிலைத்திருப்பதைத் தள்ளிவிட்டு, அடுத்த அசைவுக்கு இழையை விறைப்பாக வைத்துக் காத்திருக்கிறது. கேட்பது என்பதே ஒரு வேலை என்றாகிறது.

இதிலிருந்து ஒரு தப்பான முடிவுக்கும் போய்விட முடியும். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள், ‘காதுக்குப் பழகிப்போச்சு’ என்பார். தறி முதலாளியும் அதையேதான் சொல்வார். சொல் ஒன்றுதான், அரசியல் வேறு. மதகு தன்னைச் சரிசெய்துகொள்வது கூர்மைக்காக; பாதுகாப்புக்கு அது உதவாது. வருஷக்கணக்கான இரைச்சலில் செல்கள் சாகின்றன. அறுந்த இழை திரும்ப இணையலாம். செத்த செல் முளைக்காது. கோழிக்குஞ்சின் காதில் முளைக்கும், மனிதக் காதில் முளைக்காது. பிறக்கும்போது காதுக்கு ஏறக்குறைய 15,000, அவ்வளவுதான் கையிருப்பு.

சத்தம் உறுத்தாமல் போனதை நாம் பழக்கம் என்று வாசிக்கிறோம். பல சமயம் அங்கே நடந்திருப்பது இழப்பு.