‘சிந்து பைரவி’ பிடிக்கலைன்னு சொன்னா தப்பா? ஊரே கொண்டாடும் படமும், ஓரமாக நிற்கும் சில கேள்விகளும்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஒரு சேனலில் ‘சிந்து பைரவி’. அப்பா தொடையில் தாளம் போடுகிறார். பெரியம்மா, “இப்பல்லாம் யாருப்பா இப்படிப் படம் எடுக்குறாங்க?” என்கிறார். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு குரல், “எனக்கு இந்தப் படம் பிடிக்காது” என்று சொன்னால் என்ன நடக்கும்?

“என்னது... பிடிக்காதா? உனக்குச் சங்கீதம் தெரியாது, அதான்!” என்ற பதில்தான் முதலில் வரும்.

இந்த பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். படத்தில் பைரவி என்ற மனைவிமீது விழும் குற்றச்சாட்டும் இதேதான். அவளுக்குச் சங்கீதம் தெரியாது!

40 ஆண்டுகள் தாண்டிய கொண்டாட்டம்

1985 தீபாவளிக்கு வெளியான ‘சிந்து பைரவி’, கே.பாலசந்தரின் முக்கியமான படங்களில் ஒன்று. ஜே.கே.பி என்ற கர்னாடக இசைப் பாடகராக சிவகுமார், அவர் மனைவி பைரவியாக சுலக்‌ஷனா, இசை ஆசிரியை சிந்துவாக சுஹாசினி. குடிப்பழக்கத்தால் மேடையை இழக்கும் மிருதங்கக்காரராக டெல்லி கணேஷ், பொய் சொல்லாமல் ஒரு நாளும் இருக்க முடியாத தம்புராக்காரராக ஜனகராஜ். ஒவ்வொருவரும் இன்றைக்கும் பேசப்படுகிறார்கள்.

இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜேசுதாஸின் குரல், சித்ராவின் குரல், வைரமுத்துவின் வரிகள், இளையராஜாவின் இசை. ஒரு பாடல் முழுவதையும் இறங்குவரிசையே இல்லாமல் ஆரோகணத்திலேயே அமைத்த ‘கலைவாணியே’ பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். சிறந்த நடிகைக்கான தேசிய விருது சுஹாசினிக்கு, சிறந்த இசையமைப்பாளர் விருது இளையராஜாவுக்கு, சிறந்த பின்னணிப் பாடகி விருது சித்ராவுக்கு என இந்தப் படத்துக்கு மூன்று தேசிய விருதுகள். சித்ராவுக்கு அதுதான் முதல் தேசிய விருது. பல ஆண்டுகள் கழித்து இதே கதையின் தொடர்ச்சியாக ‘சஹானா’ என்ற டிவி தொடரையும் பாலசந்தர் கொடுத்தார்.

இப்படி ஒரு படத்தைப் பிடிக்காது என்று சொல்ல ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன.

காரணம் 1: பைரவி செய்த தப்பு என்ன?

பைரவி என்பது ஒரு ராகத்தின் பெயர். ராகத்தின் பெயரை வைத்துக்கொண்டு ராகம் தெரியாமல் இருப்பவள் என்பதுதான் அந்தக் கதாபாத்திரத்தின் அடையாளம். கணவர் பாடுவதன் நுணுக்கம் அவளுக்குப் புரிவதில்லை. குழந்தையும் இல்லை. ஜே.கே.பி-யின் மனம் சிந்துவின் பக்கம் சாய்வதற்கு, ‘ரசிக்கத் தெரிந்த துணை கிடைக்கவில்லை’ என்ற ஏக்கத்தையே படம் காரணமாகக் காட்டுகிறது.

பார்ப்பவர்களும் அந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால், பைரவியின் ஏக்கம்? அவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். கச்சேரிக்குக் கிளம்பும் கணவரின் தேவைகளைக் கவனிக்கிறாள். அந்த வேலை இல்லாமல் அந்தக் கச்சேரி நடக்காது. இருந்தும், இசை ஞானம் என்ற ஒரே தராசில் அவளை நிறுத்திப் பார்க்கிறார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும், எதில் அவள் கெட்டிக்காரி என்று ஜே.கே.பி யோசிப்பதாகத் தெரியவில்லை.

கணவரின் துறை தெரியாத மனைவிகள் எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! “உனக்கு என்ன தெரியும்?” என்ற ஒரு வார்த்தையை வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய ஒரு பெண், இந்தப் படத்தை எப்படி ரசிப்பார்? பாடல் வரும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அவர் மட்டும் பைரவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணம் 2: நாட்டுப்புறப் பாட்டுக்கு யார் சான்றிதழ் தர வேண்டும்?

படத்தின் புகழ்பெற்ற காட்சி அது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு பாடக் கூடாதா என்று கேட்கும் சிந்து, மேடையேறி ஒரு நாட்டுப்புறப் பாடலைப் பாடுகிறாள். அது மெல்ல மெல்ல நகர்ந்து தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் நிற்கிறது. அரங்கம் அசந்துபோகிறது. காம்போஜி ராகத்தில் பாடப்பட்டுவந்த அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்திருந்தார். கிராமத்துப் பாட்டும் சபா சங்கீதமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்பதுதான் அந்தக் காட்சி சொல்லவரும் சேதி. நல்ல சேதி. தைரியமான சேதியும்கூட.

ஆனால், விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் வல்லம் போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால், இந்தக் காட்சி வேறு மாதிரி தெரியலாம்.

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையும் ராஜா தேசிங்கும்தான் நினைவுக்கு வருவார்கள். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னங்கள் பட்டியலில் இந்தக் கோட்டை இடம்பிடித்த பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவியிருக்கிறது. ஆனால், இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெரிய சொத்து உண்டு. அதுதான் தெருக்கூத்து. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் ஆதி இடமாக மதிக்கப்படுகிறது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1988-ல் வெளிவந்தது. ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்ற பொருள்படும் துணைத்தலைப்பைத்தான் அதற்கு வைத்தார்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகில், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என இரவுகள் நகரும். கடைசியில் படுகளம், தீமிதி. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் இவ்வளவுதான் பக்கபலம். அதை வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடி ஆடும் கலைஞருக்கு ராகமும் தெரியும், விருத்தமும் தெரியும், மூச்சை எங்கே பிடித்து எங்கே விட வேண்டும் என்பதும் தெரியும்.

அப்படியொரு மண்ணில் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு ஒரு கேள்வி வருவது இயல்புதானே? கிராமத்துப் பாட்டு நல்ல பாட்டு என்று ஒப்புக்கொள்ள, அது கீர்த்தனையில் போய்த்தான் முடிய வேண்டுமா? அது அதுவாகவே இருந்தால் அரங்கம் கைதட்டியிருக்காதா?

இன்னொன்றும் இருக்கிறது. ஜே.கே.பி குடியில் விழுந்து, மரியாதை இழந்து, ஒரு குவளைக்காகப் பாடும் நிலைக்கு வரும்போது அவர் வாயிலிருந்து வருவது என்ன? கீர்த்தனை அல்ல, குத்துப்பாட்டு! முதல் பாதியில் ‘எல்லா இசையும் ஒன்றுதான்’ என்று சொன்ன படம், பிற்பாதியில் அதே தெருப் பாட்டை ஒரு மனிதனின் வீழ்ச்சிக்கு அடையாளமாக வைக்கிறது. மேலே ஏறினால் கீர்த்தனை, கீழே விழுந்தால் தெருப் பாட்டு என்றால், கூத்துக் கலைஞர் எந்தப் படியில் நிற்கிறார்?

காரணம் 3: கடைசியில் போவது யார்?

திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்து, அந்தத் தாயாலேயே வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்படாத மகள் சிந்து. கடைசியில் தன் குழந்தையை பைரவியிடம் கொடுத்துவிட்டு அவளும் ஊரைவிட்டுப் போகிறாள். ஜே.கே.பி-க்கு மேடை திரும்பக் கிடைக்கிறது. மனைவி இருக்கிறாள், இப்போது குழந்தையும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், இழந்தவர்கள் இரண்டு பெண்கள். சிந்து, குழந்தையையும் காதலையும் இழக்கிறாள். பைரவி, ‘என் கணவர் எனக்கு மட்டும்’ என்ற நிம்மதியை இழக்கிறாள். அழகான பாட்டுகளுக்கு நடுவே இந்தக் கணக்கு பலர் கண்ணில் படுவதில்லை. பட்டுவிட்டால், பிறகு மறப்பது கஷ்டம்.

மறுபக்கமும் இருக்கிறதே!

படத்தை நேசிப்பவர்களிடமும் வலுவான பதில் உண்டு. ஜே.கே.பி-யை பாலசந்தர் உத்தமனாகக் காட்டவே இல்லை. குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரை மேடையிலிருந்து விரட்டும் அதே மனிதர், பின்னால் அதைவிட மோசமாகக் குடிக்கிறார். அந்த அகங்காரத்தை உடைப்பதுதான் கதை. 1985-ல் திருமணமாகாமல் குழந்தை பெறும் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, அவளைக் கேவலப்படுத்தாமல் படம் எடுத்ததே பெரிய விஷயம். சிந்து தோற்று ஓடவில்லை, இரண்டாம் தாரமாக வாழ மறுத்து, தலை நிமிர்ந்து போகிறாள் என்றும் அந்த முடிவைப் படிக்கலாம்.

இதுவும் நியாயம்தான். ஒரு நல்ல படத்துக்கு இரண்டு பக்கமும் பேச ஆள் இருப்பது அந்தப் படத்துக்குப் பெருமையே தவிர, அவமானம் இல்லை.

கல்கி முதல் மெக்ஸிகோ வரை

கொண்டாடப்படும் இசைப் படத்தை ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வது நமக்கு ஒன்றும் புதிது அல்ல. 1935-ல் ‘பக்த நந்தனார்’ வந்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு. கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம்! அந்தக் காலத்தில் கேட்டிராத தொகை. ஆனால் ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி, நடிகர்களைவிட மரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகத் தன் விமர்சனத்தில் வாரிவிட்டார். அந்தக் கிண்டல் இன்றைக்கும் தமிழ் சினிமா வரலாற்றில் பேசப்படுகிறது. அதனால் சுந்தராம்பாளின் புகழ் குறைந்துவிடவும் இல்லை.

‘தி சவுண்ட் ஆஃப் மியூஸிக்’ (1965) ஐந்து ஆஸ்கர் விருதுகளை வென்ற படம். நம் ‘சாந்தி நிலைய’த்தில் அதன் சாயல் உண்டு. அந்தப் படத்தை அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் கடுமையாகத் தாக்கி எழுதினார். கதாநாயகன் கிறிஸ்டோபர் பிளம்மரே பல ஆண்டுகள் அந்தப் படத்தைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். கதை நடக்கும் ஆஸ்திரியாவிலேயே அந்தப் படத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை.

சமீபத்திய உதாரணம் ‘எமிலியா பெரெஸ்’. 2024-ல் கான் விழாவில் விருது, அடுத்து 13 ஆஸ்கர் பரிந்துரைகள் என்று உலகம் பாராட்டியது. ஆனால், கதை நடக்கும் மெக்ஸிகோவில் எதிர்ப்பு கிளம்பியது. பிரெஞ்சு இயக்குநர் பெரும்பகுதியை பிரான்ஸிலேயே எடுத்த படம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காணாமல்போன நாட்டின் துயரத்தை, ஆட்டம் பாட்டத்துடன் சொல்வதா என்று மெக்ஸிகோ மக்கள் கேட்டார்கள்.

ஆஸ்திரியாவிலும் மெக்ஸிகோவிலும் நடந்ததில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. தங்களைப் பற்றிய கதையை மற்றவர்கள் கைதட்டி ரசிக்கும்போது, அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களுக்கு அது உறுத்துகிறது. வீட்டிலிருக்கும் ‘பைரவி’களுக்கும் கூத்துமேடைக் கலைஞர்களுக்கும் ‘சிந்து பைரவி’யில் ஏதோ உறுத்தினால், அது ரசனைக் குறைவு அல்ல. அவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பிடிக்கலைன்னா எப்படிச் சொல்வது?

‘படம் மொக்கை’ என்று சொன்னால் சண்டைதான் வரும். ‘இந்த இடத்தில் எனக்கு உறுத்துகிறது’ என்று காட்சியைக் குறிப்பிட்டுச் சொன்னால் பேச்சு வளரும். பாட்டு பிடிக்கும், படம் பிடிக்காது என்பதும் முழுமையான ஓர் அபிப்பிராயம்தான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டியதில்லை.

கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “உனக்குச் சங்கீதம் தெரியாது” என்று வாயை அடைப்பதற்கு முன், “ஏன் பிடிக்கலை?” என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். குறிப்பாக, அதைச் சொன்னது அம்மாவாக இருந்தால்! அவர் இத்தனை வருஷமாகச் சமையலறையிலிருந்தே பாதிப் படம் பார்த்தவர். அவர் சொல்லப்போவது படத்தைப் பற்றியதாக மட்டும் இல்லாமல்கூட இருக்கலாம்.

அடுத்த முறை டிவியில் ‘சிந்து பைரவி’ வரும்போது பாடல்களைக் காது குளிரக் கேளுங்கள். கூடவே, பாடல் ஓடும்போது பைரவி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்றும் கொஞ்சம் பாருங்கள். பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் வீட்டில், எல்லோருக்கும் பிடித்து ஒருவருக்கு மட்டும் பிடிக்காத படம் எது?