கொள்ளிடமும் இரும்புப் பாலமும்

பினாங்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய சூலியா தெருவின் பெயரில் சோழர் பெயர் ஒளிந்துள்ளது என்று பலரும் கருதுவர். தமிழ்ப்பெயர் அயலார் செவியில் உருமாறுவது புதிதன்று. நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த காவிரி நாட்டின் கொள்ளிடம், ஆங்கில ஏடுகளில் 'கோலரூன்' ஆயிற்று. உயிர்களுக்கிடையே நாவை மடித்து ஒலிக்கும் டகரம் ஐரோப்பியர்க்கு ரகரமாகப் பட்டது. தரங்கம்பாடி 'டிராங்குபார்' ஆனதும் இவ்வாறே.

தமிழரிடையேயும் ஒரு மயக்கம் உண்டு. திருவரங்கத்தில் திருப்பணி செய்தோர் இவ்வாற்றில் மூழ்கடிக்கப்பட்டனர் என்னும் கதையைச் சொல்லி, இதனைக் 'கொல்லும் இடம்' என்பர். எழுத்து அதற்கு இடந்தரவில்லை. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரின் இரட்டும்: கொள் + இடம் = கொள்ளிடம். கொல் என்பதாயின் கொல்லிடம் என்றே முடியும். காவிரியின் மிகைநீரைக் கொள்ளும் இடம் என்பதே பொருள். முக்கொம்பில் பிரியும் இவ்வாறு, வெள்ளக் காலத்தில் பெருநீரைத் தான் ஏற்றுக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது.

திருவரங்கத்தை வடகரையோடு இணைத்து 1928இல் இதன் குறுக்கே ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்தில் சாலைப்பாலம் ஒன்று அமைந்தது. பொறியாளர் 'டிரஸ்' என்னும் அமைப்பு. மக்கள் 'இரும்புப் பாலம்' என்றனர். மக்கள் வைத்த பெயரே நமக்கு உவப்பானது. எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைப்பதே இதன் நுட்பம். நான்கு குச்சிகளை மூலைகளில் கட்டி அழுத்தினால் சதுரம் சாயும்; மூன்றைக் கட்டினால், குச்சி முறிந்தாலன்றி வடிவம் குலையாது. வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஒவ்வொரு சட்டமும் இழுவிசையையோ அமுக்கத்தையோ ஏற்பதால், குறைந்த எஃகில் நெடுந்தொலைவைக் கடக்க இயலும்.

2016இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டதும் பழையதில் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் உபரிநீர் பெருக்கெடுத்து வந்தபோது தூண்களின் அடிமண் அரிக்கப்பட்டது; தூண்கள் சரிய, மேலிருந்த சட்டகமும் ஆற்றில் விழுந்தது. முக்கோணங்கள் தம் சுமையைத் தாங்கியே நின்றன. காலூன்றிய மணல்தான் நழுவியது. மணல் அள்ளியதே காரணம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதே வெள்ளத்தில், ஆர்தர் காட்டன் 1830களில் எழுப்பிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது உடைந்தன.

மழை பொய்த்த ஆண்டுகளில் கொள்ளிடம் வெறும் மணற்பரப்பு. அதனை அவ்வாறே கண்டு வளர்ந்த மாணவனுக்கு 'கொள்' என்னும் வினை ஏட்டில் மட்டுமே இருந்தது. அந்த ஆகஸ்டில் கரையில் நின்றவன் அதனைக் கண்ணால் கண்டான்.